தேயிலை இல்லாத சரிவில் இறங்குவது

முதலில் சப்பாத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையேறப் போவதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் தொப்பி வேண்டுமா, கூடாரம் வேண்டுமா, தண்ணீர்ப் போத்தல் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். காலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நடக்கப் போவது கால். தொப்பி சும்மா தலையில் உட்கார்ந்துகொண்டு வரப்போகிறது.

இரத்தினபுரி டவுனில் நடைபாதைக் கடைகளில் பழைய சப்பாத்துகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அதில் பந்து விளையாடுகிறவர்கள் போடும், அடியில் ரப்பர் குமிழ் வைத்த சப்பாத்தைத் தேடுங்கள். குமிழை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பாறையில் வழுக்கும். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள், ஏனென்றால் இறங்கும்போது கால் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்து விழுந்துவிடும். எனக்கு விழுந்தது. வாங்கிய சப்பாத்தை அன்றைக்கே மலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வீட்டுக்குள் போட்டுப் பழகுங்கள். நான் அப்படித்தான் அடுப்படியில் நின்று ரொட்டி சுட்டேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னா, இன்னைக்கு அடுப்புக்கும் உனக்கும் மேட்ச்சா?" என்று கேட்டார். அவருக்கு அன்றைக்குக் கருகின ரொட்டிதான் கிடைத்தது.

நான் கொழுந்து பறிக்கிறவள். எங்கள் தோட்டத்தில் கீழே ரப்பர், நடுவில் நாங்கள் குடியிருக்கும் லயங்களும் தேயிலையும், மேலே காடு. காட்டுக்கு மேலே மொட்டையாக ஒரு பாறை. கிழமை முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிற ஒருத்தி ஞாயிற்றுக்கிழமையும் பை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனால் லயத்தில் என்ன சொல்வார்கள்? "இவளுக்குக் கழண்டு போச்சு" என்றார்கள். நேரே என் முகத்துக்கு எதிராகவே சொன்னார்கள்.

விஷயம் இதுதான். கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. இளம் பெண்கள், பையன்கள், முதுகில் ஆளுயரப் பைகள். அதில் ஒரு பெண் என்னிடம், "அக்கா, மேலேயிருந்து பார்த்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் யோசித்தேன். பிறந்த நாளிலிருந்து அந்தப் பாறையைக் கீழேயிருந்து பார்க்கிறேன். மேலேயிருந்து எங்கள் லயம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் அன்று மத்தியானமே தெரிந்துகொண்டு போய்விட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்புறம்தான் நங்கியைப் பிடித்தேன். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. தோட்டத்துக்குக் கீழே உள்ள கிராமத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். பஸ்ஸில் பழக்கம். அவளுக்கு அரைவாசித் தமிழ் வரும், எனக்குச் சிங்களம் முழுதாக வரும். எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாமல் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. நங்கியின் வீட்டில் எல்லாரும் விறகுக்கும் காளானுக்கும் அந்தக் காட்டுக்குள் போய் வருகிறவர்கள். "பாறைக்குப் போவோமா?" என்று கேட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழம காலையிலயே யமு," என்றாள். போவோம் என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறாவது போவோம். விழுந்து எழும்பித்தான் எல்லாம் கற்றுக்கொண்டோம். இரத்தம் குடிக்கிற அட்டைக்கு உப்பு என்பார்கள். உப்பு எங்கள் பக்கத்து மழைக்கு நிற்காது, கரைந்து ஓடிவிடும். கோதுமை மா மூட்டைத் துணியில் முழங்கால் வரைக்கும் நீளமாக உறை தைத்து, சப்பாத்துக்குள்ளே போட்டு மேலே நாடாவால் கட்டுங்கள். துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணிதான் நல்லது, அட்டை ஏறுவது கண்ணுக்குத் தெரியும். வெளியில் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை நனைத்துத் தேய்த்துவிடுங்கள். அப்படியும் கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். கடித்த இடத்தில் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்சம் ஓடும். அதைப் பார்த்துக் கூப்பாடு போடத் தேவையில்லை.

பைக்கு என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பழைய பை. மழை நனைக்காத பை என்று விற்பதற்கெல்லாம் காசைக் கொட்ட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிலிசிலிப் பைக்குள், அதுதான் பொலித்தீன் பைக்குள், போட்டுக் கட்டி உள்ளே வைத்தால் போதும். இடுப்பில் நாங்கள் வேலைக்குக் கட்டும் படங்கை மட்டும் மறக்காதீர்கள். செடி கிழிக்காமலிருக்கக் கட்டிக்கொள்ளும் கெட்டியான துணி அது. காட்டில் அதை விரித்து உட்காரலாம், மழைக்குத் தலைக்கு மேல் பிடிக்கலாம், ஆளுக்கு ஆள் பிடித்துக்கொள்ளக் கயிறாகவும் உதவும். தேங்காய்ச் சம்பல் கொண்டுபோகாதீர்கள், புளித்துவிடும். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் போதும். பிளேன்டீயைப் போத்தலில் ஊற்றி, கித்துள் கருப்பட்டியைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் ஏறி மத்தியானத்துக்கு முன்னால் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்து மழை யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை.

பருத்தி உடுப்பு மட்டும் கூடாது என்று ஃபோனில் ஒருவர் பேசிய வீடியோவில் பார்த்தேன். முதலில் சிரித்தேன். ஒரு நாள் நனைந்த பருத்திச் சட்டையோடு பாறையில் காற்றில் நின்று பல் கிட்டிய பிறகு ஒத்துக்கொண்டேன். அவர் சொன்னது சரி.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என் கூடப் பிறந்தவள். எங்கள் லயத்திலேயே அடுத்த காம்பராவில் குடியிருக்கிறவள். நாங்கள் இருவரும் ஒரே மலையில், அநேகமாக ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவர்கள். அவள் கணவர், என் மச்சான், நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான், தீபாவளிக்கு வருவான். மச்சான் போன பிறகு அக்கா வேலைக்கு வருவாள், கொழுந்து நிறுப்பாள், வீட்டுக்குப் போவாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அழுதிருந்தால் எனக்குப் பயமே இருந்திருக்காது. அவள் அழவில்லை.

ஒரு சாயந்தரம் அவளுக்குக் கறி கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "எனக்கு இனி இருக்கணும்னே இல்லடி," என்றாள். வீட்டில் சீனி முடிந்துபோனதைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். என்னக்கா இப்படிப் பேசுற என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, போ," என்றாள்.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா வாய் திறக்கவில்லை, நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் சின்னப் பெண். அக்காவிடம் பொறுமையாகப் பேசினார். விழுங்கக் குளிசை கொடுத்தார். கிளினிக்குக்குத் தவறாமல் வரச் சொன்னார். என்னைத் தனியே கூப்பிட்டு, "தனியா விட்டுடாதீங்க. வெளிய கூட்டிட்டுப் போங்க, நடக்க வைங்க," என்றார்.

"டொக்டர், அவ கிழமை பூரா மலையிலதான் நடக்குறா," என்றேன்.

"அது வேலைக்கு நடக்குறது. சும்மா நடக்கட்டும். நீங்களும் கூடப் போங்க."

சும்மா நடப்பதற்கென்றே ஒரு பைத்தியம் இந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று அந்த டொக்டருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. படங்கை இடுப்பில் கட்டச் சொன்னால் கட்டினாள். பையைக் கொடுத்தேன். தோளில் மாட்டாமல், பட்டியைத் தூக்கிக் கொழுந்துக் கூடைக் கயிறு மாதிரி நெற்றியில் போட்டுக்கொண்டாள். நங்கி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். வருஷக்கணக்காகத் தலையில் பாரம் இழுத்தவர்களுக்குத் தோள் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். நெற்றியில் பாரம் இருந்தால் தலையை நிமிர்த்த முடியாது, தாழ்ந்த கிளை வரும்போது நேரே முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவளுக்குப் பையைத் தோளில் மாட்டிவிட்டு, பாரமானதை முதுகோடு ஒட்டி இருக்கும்படி மாற்றி அடுக்கிக் கொடுத்தேன். அவள் குழந்தை மாதிரி நின்றாள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

முதல் தடவை ஓடை வரைக்கும் போனோம். அடுத்த தடவை காட்டுக்குள் கொஞ்ச தூரம். சப்பாத்துப் போடமாட்டேன் என்று வெறுங்காலோடுதான் நடந்தாள். எங்கள் பாதம் தோல் சப்பாத்து மாதிரித்தான், முள் ஏறாது. ஆனால் ஈரப் பாறையில் அந்தத் தோல் வழுக்கும். சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நடந்தாள், நில் என்றால் நின்றாள், ரொட்டியைக் கொடுத்தால் தின்றாள். திரும்பி வந்து மறுபடியும் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டாள். இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று என் கணவரிடம் சொன்னேன். "நீ கூட்டிட்டுப் போறத நிப்பாட்டாத," என்றார். அவர் அப்படி நிதானமாகப் பேசினால் எனக்கு இன்னும் பயம் வந்துவிடும்.

மூன்றாவது தடவை பாறைக்கே போனோம். என் பழைய சப்பாத்தைப் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நானும் போகமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். போட்டாள். ஏறும்போது ஒன்றும் கஷ்டமில்லை. ஏறுவது எங்களுக்குக் கஷ்டமே இல்லை. சின்னச் சின்ன எட்டாக வைக்க வேண்டும், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அக்கா பேசவே இல்லை, அதனால் அவளுக்கு மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முன்னால் நங்கி, நடுவில் அவள், பின்னால் நான். எப்போதும் பழக்கமில்லாத ஆளை நடுவில் விடுங்கள்.

பாறை மேலே காற்று நன்றாக அடித்தது. கீழே எங்கள் லயம் தகரத் துண்டுகள் மாதிரிக் கிடந்தது. நங்கி தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அக்கா பையைக் கழற்றிவிட்டு நடந்து போய்ப் பாறையின் ஓரத்துக்குக் கிட்டே நின்றாள். ரொம்ப ஓரம் இல்லை. ஆனால் நின்றாள், கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எழும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்று, அவள் படங்கைப் பின்னால் முடிச்சுப் போட்ட இடத்தில் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

"என்னாக்கா பாக்குற?"

"ஒண்ணுமில்ல," என்றாள். பிறகு, "எவ்வளவு ஆழமா இருக்குல்ல," என்றாள்.

இவளை ஏன் இங்கே கூட்டி வந்தேன், ஓடையோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். "வா, தேத்தண்ணி குடிக்கலாம்," என்று படங்கை விடாமலே இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். அவள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, பார்த்த பக்கத்தையே திரும்பவும் பார்த்தாள். நான் நங்கியைப் பார்த்தேன். நங்கிக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் சத்தமில்லாமல் பையைக் கட்ட ஆரம்பித்தாள். வானமும் கறுத்துக்கொண்டு வந்தது.

இறங்குவதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். விழுகிறவர்கள் அநேகமாக இறங்கும்போதுதான் விழுகிறார்கள். முழங்காலை மடக்கி வையுங்கள். நேரே இறங்காமல் பக்கவாட்டாகக் காலை வைத்து இறங்குங்கள். கம்பு எப்போதும் மேட்டுப் பக்கத்துக் கையில் இருக்கட்டும். வழுக்கினால் உடனே பின்புறத்தைத் தரையில் வைத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியும் உடம்பு ஓடினால் குப்புறத் திரும்பி, மலையைப் பார்த்தபடி, முழங்கையையும் கால்விரலையும் மண்ணில் குத்துங்கள். கையை நீட்டி எதையும் பிடிக்கப் போகாதீர்கள்.

இது மற்றவர்களுக்கு ஒரு மடங்கு என்றால் எங்களுக்குப் பத்து மடங்கு. தேயிலை நிரைக்குள் வழுக்கினால் நாங்கள் என்ன செய்வோம்? பக்கத்துச் செடியைப் பிடிப்போம். பிடித்தால் அது பிடித்ததுதான். தேயிலையின் வேர் ஆழத்துக்குப் போயிருக்கும், ஆள் தொங்கினாலும் அசையாது. சின்ன வயதிலிருந்து அந்த நம்பிக்கையில் வளர்ந்த கை இது. நாங்கள் யோசிப்பதற்கு முன்னாலேயே கை போய்ச் செடியைப் பிடித்துவிடும். பாறைக்குக் கீழே உள்ள சரிவில் தேயிலை இல்லை. கெக்கில்ல என்று சிங்களத்தில் சொல்லும் பன்னம்தான், பெரணி என்பார்களே அதுதான், சரிவு முழுக்க மூடிக் கிடக்கும். அதுவும் இடுப்பு உயரம், அதுவும் பச்சை, தூரத்திலிருந்து பார்த்தால் கவ்வாத்து வெட்டாமல் வளரவிட்ட தேயிலை மலை மாதிரியே இருக்கும். பிடித்தால் கையோடு வந்துவிடும். வேர் என்று சொல்லிக்கொள்ள ஒரு விரல் நீளம்கூட மண்ணுக்குள் இருக்காது. நானே அதைப் பிடித்துக் கையோடு பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தவள்தான். நங்கி அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் கிராமத்தில் யாரும் கெக்கில்லயைப் பிடிக்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள்தான் பிடிப்பார்கள்.

தூறல் தொடங்கியபோது நாங்கள் அந்தச் சரிவைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தோம். மண் சோப்பு மாதிரி ஆகிவிட்டது. முன்னால் போன நங்கி திரும்பி, "அக்கே, கெக்கில்ல அல்லன்ன எபா," என்றாள். அதைப் பிடிக்காதே என்று அர்த்தம். அக்கா தலையை ஆட்டினாள். அடுத்த எட்டில் அவள் கால் போய்விட்டது.

நான் அவளுக்குக் கொஞ்சம் பின்னால்தான் இருந்தேன். தூறலுக்குத் தலையைக் குனிந்திருந்தேன். அதனால் நான் பார்த்தது பாதிதான். அவள் உடம்பு பக்கவாட்டாகச் சாய்ந்தது, பச்சைக்குள் போனது. பன்னம் சரசரவென்று கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு கீழே எங்கேயோ ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. சரிவுக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு, அதற்கும் கீழே ஓடை.

"அக்கா," என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை.

ஓடக் கூடாது. ஓடினால் இரண்டாவது ஆளும் போய்விடும். இதை எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நங்கி திரும்பி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் நான் ஓடியிருப்பேன். அவள் தன் படங்கையும் என் படங்கையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள், ஒரு நுனியை என் இடுப்பில் கட்டினாள், மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு ஒரு மரத்தடியில் காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தாள். நான் மலையைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு காலாகக் கீழே இறங்கினேன். ஒரு காலை அசைக்கும்போது மற்றக் காலும் இரண்டு கையும் தரையில் இருக்க வேண்டும். துணியின் நீளம் முடிந்ததும் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டு அப்படியே இறங்கினேன்.

அந்த இறக்கத்தில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். வழுக்கினாளா, விட்டுவிட்டாளா? பாறையில் நின்று ஆழமாக இருக்கிறது என்று சொன்னவள். இருக்கணும்னே இல்லை என்று சொன்னவள். கால் தானாகப் போனதா, அவள் போக விட்டாளா? எனக்கு அது தெரிய வேண்டும். தெரிந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. பிள்ளையாரே, அவளைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு வாய் வரவில்லை. எதை வேண்டுவது என்று தெரியாமல்தான் இறங்கினேன்.

பன்னம் கிழிந்த தடம் நேராகக் கீழே போனது. பாதி வழியில்தான் கவனித்தேன். இரண்டு பக்கமும் பன்னம் கொத்துக் கொத்தாகப் பிடுங்கப்பட்டிருந்தது. ஓரிடத்தில் பிடித்திருக்கிறாள், வந்துவிட்டது. கொஞ்சம் கீழே மறுபடியும் பிடித்திருக்கிறாள், அதுவும் வந்துவிட்டது. அதற்குக் கீழே இரண்டு கையாலும். தடம் முடிகிற வரைக்கும் அவள் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

அக்கா ஒரு பெரிய கல்லில் முட்டிக்கொண்டு கிடந்தாள். முகமெல்லாம் மண். ஒரு கால் மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. இரண்டு கையிலும் கெக்கில்லக் கட்டு, இறுக்கிப் பிடித்தபடி. விரலை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. மூச்சு அடைத்துப் போயிருந்ததால்தான் பதில் சொல்லவில்லை. மூச்சு வந்ததும் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சனியனே, என்னயக் கொல்லப் பாத்தியாடி?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மனுசி வர்ற எடமாடி இது? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கூட்டிட்டு வந்து, நான் செத்திருந்தா? செத்திருந்தா என்னாடி செஞ்சிருப்ப? என் பிள்ளைக்கு என்னான்னு சொல்லியிருப்ப?"

எனக்குப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது. "ஏன்டி அழுவுற? விழுந்தது நானா நீயா?" என்று அதற்கும் ஏசினாள்.

மேலேயிருந்து நங்கி, "அக்கே, ஹொந்தயித?" என்று கத்தினாள். நல்லா இருக்கிறாளா என்று கேட்கிறாள். ஏசுகிறாள், நல்லாத்தான் இருக்கிறாள் என்று நான் பதில் கத்தினேன்.

கால் சுளுக்கினால் சப்பாத்தைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வீங்கி, திரும்பப் போட முடியாது. விரலை ஆட்டச் சொல்லிப் பாருங்கள், தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். அப்புறம் மெதுவாக ஊன்ற வைத்துப் பாருங்கள். அக்காவால் ஊன்ற முடிந்தது, வலித்தது. என் தலையில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்துச் சப்பாத்தோடு சேர்த்து, பாதத்துக்கு அடியிலும் கணுக்காலுக்குப் பின்னாலும் மாறி மாறிச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். "மெதுவாக் கட்டு, கைய ஒடிச்ச மாதிரி காலையும் ஒடிக்காத," என்றாள். கை ஒன்றும் ஒடிந்திருக்கவில்லை. வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நங்கி மேலேயிருந்து சுற்றிக்கொண்டு வேறு பாதையால் இறங்கி வந்தாள். கம்பை அக்காவின் கையில் கொடுத்து, மற்றப் பக்கம் நான் தோள் கொடுத்தேன். மழை சரியாகப் பிடித்துக்கொண்டது. ஓடையோரமாக, தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும். வந்துவிட்டோம். தேயிலைக்குள் வந்ததும் அக்கா ஒரு செடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஏசத் தொடங்கினாள். என் சப்பாத்து சரியில்லை. என் ரொட்டி வேகவில்லை. நங்கிக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துக்கொண்டு அவளையும் சேர்த்து ஏசினாள். நங்கி எல்லாம் புரிந்தும் ஒன்றும் புரியாத மாதிரி வந்தாள். மச்சானையும் விடவில்லை. "பாவி மனுசன், அவசரமாப் போயிட்டாரு. இந்தப் பைத்தியத்துக்கிட்ட என்னய விட்டுட்டுப் போயிட்டாரு," என்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது. மச்சான் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் அழுதாள். அழுதுகொண்டே ஏசினாள்.

லயம் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்து நேர்ப் பாதையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். நங்கி அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மேடு பள்ளம் இல்லாத வண்டிப் பாதையால் சுற்றிப் போனேன். காலுக்கு அதுதான் நல்லது என்று நங்கியிடம் சொன்னேன். உண்மையும் அதுதான். ஆனால் அக்கா இன்னும் ஏசி முடிக்கவில்லை. அவள் முடிக்கிற வரைக்கும் நடக்கலாம் என்று இருந்தது.